விளக்கேற்றாத மாதங்கள்

காலை ஆறேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது தங்க வளையல். அக்கா துணி கோத்த மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியதும் மணிக்கட்டிலிருந்த வளையல் சறுக்கிப் போய் முழங்கையருகே நின்றது. போன தீபாவளிக்கு அதைக் கழற்ற சோப்பு நுரை வேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், கீழே கடையும் மேலே குடியிருப்புமான ஒரு கடைவீட்டின் மாடியில் நானும் மனைவியும் அக்காவும் இருந்தோம். நான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி எழுதினேன். அக்காவுக்கு அறுபதை நெருங்கும் வயது. கணவர் இறந்தபின் எங்களோடு வந்துவிட்டாள்.

"என்னக்கா, இப்படி இளைச்சிட்டே?"

"உன் பொண்டாட்டி சமையலைத் தின்னா வேற என்ன ஆகும்?"

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டப்போ தெரியலையா அண்ணி?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

இருவரும் சிரித்தார்கள். அக்கா இப்போது பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாள் என்பது மூவருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒருவர் மெலிந்தால் தெரு ஒரே நோயைத்தான் நினைக்கும்: காசம். அக்கா இருமினால் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆகவே சாலையோரக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சீனர், ஆங்கிலத்தில் கேட்டார். நான் அக்காவிடம் தமிழில் சொன்னேன். எடை தொண்ணூற்றொரு ராத்தல், நாற்பத்தோரு கிலோதான். இருமல், காய்ச்சல், பசி எல்லாம் கேட்டுவிட்டு, எங்காவது ரத்தம் போகிறதா என்றார்.

"ரத்தம் ஏதும் போகுதாக்கா?"

அக்கா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். "இல்ல."

இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. நுரையீரல் சுத்தம். அன்று வீட்டில் கேசரி. "காசம் இல்லலா, கேட்டியா!" என்று மனைவி ஜன்னலில் நின்று பக்கத்து வீட்டுக்கு அறிவித்தாள்.

எடை மட்டும் நிற்காமல் இறங்கியது. அக்கா ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். சாமி விளக்கு ஏற்றுவதை அதற்கு முன்பே விட்டிருந்தாள். "உன் பொண்டாட்டி ஏத்திப் பழகட்டும்" என்றாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகவில்லை. வருடம் தவறாமல் எடுத்த பால்குடத்தை அந்தத் தைப்பூசத்துக்கு எடுக்கவில்லை; முழங்கால் வலி என்றாள். நம்பும்படியான காரணம். படியேறவே அவள் சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள்.

தைப்பூசம் முடிந்த வாரம் மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தமிழ்த் தாதி இருந்தார். மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர் என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார். திரை துணிதான், பேச்சு கேட்டது.

"ரத்தம் படுதாம்மா?"

"படுது. எட்டு மாசமா. நின்னு பத்து வருசமாச்சு, மறுபடி வந்திருச்சு. வயசு திரும்புது போல மிஸ்ஸி. ஒரு மாப்பிள்ளை பாருங்களேன்."

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"கேட்டது என் தம்பி. அவன்கிட்டப் போய் இதை எப்படிச் சொல்றது?"

"அம்மா, இது மாசாமாசம் வர்றது இல்ல. நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் வந்து காட்டணும். இது நோய்."



"அப்ப இது தீட்டு இல்லையா?"

"இல்லம்மா."

"எட்டு மாசமா கோயில் வாசலை மிதிக்காம இருந்தேனே" என்றாள் அக்கா.

சதை எடுத்துச் சோதித்தார்கள். அடுத்த வாரம் முடிவைச் சொல்ல டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். கருப்பையின் வாயில் புற்று. இடுப்பெலும்பு வரை பிடித்துவிட்டது. தொடக்கத்தில் வந்திருந்தால் ரேடியக் கதிர் வைத்துப் பார்த்திருக்கலாம். இனி வலிக்குத்தான் மருந்து என்றார். மாற்றுத் துணியோடு இரண்டு மணிக்குள் திரும்பி வந்தால் வார்டில் இடம் தருவதாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் இருந்த அக்காவிடம், கட்டி என்றேன்.

"வெட்டி எடுக்க மாட்டாங்களா?"

"முடியாதாம்க்கா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி டாக்சியைக் கோயில் பக்கம் விடச் சொல்லு. ஒரு நிமிசம் போதும்."

சாலையில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே நின்றதால் தாமதமானது. கோயில் வாசலில் டாக்சி நின்றபோது பன்னிரண்டே முக்கால். நடை சாத்தியிருந்தது. மாலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள் என்றார் காவலாளி. அக்கா இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு வார்டில் சேர்த்தோம். பங்குனியில் அங்கேயே இறந்தாள்.