வல்லாரைக்குக் கிடைத்த பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் உட்கார்ந்து பூரணம் வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை ஈரத்தில் மிச்சமிருந்ததைப் பிடுங்கியது, வேரெல்லாம் சேறு. முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவளுக்கு இலை பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளினிக்கில் அவளுக்குப் பிரஷர் என்று சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு வைத்தியம். கடைக்காரச் சிங்கள அம்மா நீர்முள்ளியை அவிக்கச் சொன்னாள். ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்ற யாரோ பச்சைப் பூண்டு என்றார். எதையும் ஒரு வாரம் செய்து பார்க்காவிட்டால் பூரணத்துக்குத் தூக்கம் வராது. ஆனால் மாத்திரையை மட்டும் நிறுத்தியதில்லை. அண்ணன் கந்தப்பன் அதை விட்டுவிட்டு, ஒரு பக்கம் கைகால் இழுத்துப் படுக்கையில் விழுந்ததைப் பார்த்தவள்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோதுதான் சிக்கல். தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்துப் பெண்கள், காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கும்வரை ஆஸ்பத்திரி மருந்தை வாயில் வைக்கமாட்டார்கள். இலைச்சாறு என்றால் குற்றமில்லை. பூரணமும் ஒன்பது நாளும் எல்லார் முன்னாலும் வல்லாரைச் சாறு குடித்தாள். மாத்திரையைக் கதவைச் சாத்திக்கொண்டு விழுங்கினாள். அடுத்த கிளினிக்கில் பிரஷர் நூற்று முப்பது. "நல்லா எறங்கியிருக்கே, என்ன செஞ்சீங்க?" என்று நர்ஸ் கேட்க, சுற்றிலும் லயத்து ஆட்கள் நிற்க, "வல்லாரைங்க" என்றுவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நாகலெட்சுமி உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவளும் பிரஷருக்கு மாத்திரை போடுகிறவள்.

"அக்கா, எனக்கும் ஒரு பிடி குடுங்க. மாத்திரைய விட்டு இன்னியோட ஆறு நாளு."

பூரணத்தின் கை நின்றது. "யாரு விடச் சொன்னா?"

"நீங்கதான வல்லாரைன்னீங்க! எல்லாரும் புடுங்கி பீலிக்கரையில ஒரு தழை மிச்சமில்ல, ஆடு மேஞ்ச மாதிரி கெடக்கு."

"தலை சுத்துதா?"

"பின்கழுத்து கனக்குது. பனியில நின்னதா இருக்கும்."

அண்ணனும் முதலில் பனி என்றுதான் சொன்னார். பூரணம் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"லெட்சுமி, நான் மாத்திரையும் போட்டேன்டி. ஒன்பது நாளும்."

"காப்போடயா?"

"காப்போடதான்."

"அப்பிடியே பால்குடமும் எடுத்தீங்க?"

"எடுத்தேன். ஆத்தா என்னைய ஒண்ணும் கேக்கல. நீ வேணும்னா லயம் பூரா போயி சொல்லு. எறக்குனது தழையா மாத்திரையான்னு எனக்கே தெரியாது, ரெண்டையும் சேத்துல்ல முழுங்குனேன்! நீ இப்ப போயி உன் மாத்திரைய போடு. போடுவியா?"

நாகலெட்சுமி எழுந்தாள். ஆய்ந்து வைத்த இலையை எடுக்கவில்லை. பூரணத்தின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"போடுவியாடி?"

நாகலெட்சுமி குனிந்து வாசலைத் தாண்டி, தன் காம்பராவுக்குள் போனாள்.