நிறைந்தே வந்த தண்ணீர் பாட்டில்

அந்தப் பாட்டில் நீல நிறம். மூடியில் ஒரு வளையம் இருக்கும், விரலில் மாட்டிக்கொண்டு போகலாம். சென்னையிலிருந்து பேத்தி வந்து இறங்கிய அன்று, வழியெல்லாம் குடித்துத் தீர்த்திருப்பாள், நிரப்பி வைப்போம் என்று அதைத் தூக்கினேன். கழுத்துவரை தண்ணீர். "ஏன்டி, இங்க தண்ணி கிடைக்காதுன்னு மெட்ராஸ்லேந்தே சொமந்துகிட்டு வந்தியா?" என்றேன். என் கேலிக்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறவள் அன்று பையைக்கூட இறக்காமல் சுவரோரம் சாய்ந்துவிட்டாள். உடம்பு காய்ச்சலில் கொதித்தது. உதடு வெடித்திருந்தது.

என் மகள் வயிற்றுப் பிள்ளை அவள். கிளிஞ்சல்மேட்டில் பேரனாக வளர்ந்து, கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னை போய், அங்கே பேத்தியானவள். மகள் அழுதாள். மருமகன் வாசல்படி ஏறாதே என்றார். எனக்குப் பேரன்கள் வேண்டிய மட்டும் இருந்தார்கள். ஒருத்தனும் எனக்குப் பேன் பார்த்ததில்லை. அதில் ஒன்று பேத்தியாக வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுவிட்டு, அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் என் வீட்டில் தங்க வைத்துக்கொண்டேன். அவள் வேலை என்னவென்றால், ஃபோனில் பணம் அனுப்ப ஒன்று செய்து கொடுக்கிறார்களே, அது ஜனங்கள் கைக்கு வருமுன் எங்கே பிசகும் என்று தேடிப் பிடிப்பது. சின்ன வயதிலேயே என் பேச்சில் பிசகு பிடித்தவளுக்கு அது வராமல் யாருக்கு வரும்? ஆபீஸில் அவள் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். தங்கமான மனுஷர்கள் என்று தெரு முழுக்க நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்கு அடக்கி அடக்கி வந்த காய்ச்சல் என்றார் காரைக்கால் டாக்டரம்மா. அவள் பையைத் திறந்தால் உள்ளே சூயிங்கமாகக் கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் குரும்பகரம் பக்கம் மீன்கூடை தூக்கிய காலத்தில், விடியும்போது அரை டம்ளர் டீயோடு கிளம்பினால் வீடு திரும்பும்வரை தண்ணீர் தொடமாட்டோம். ஆம்பளைகள் வரப்போரம் திரும்பி நின்றால் முடிந்தது. நாங்கள் எங்கே போவது? மீன் வாங்குகிற வீட்டில் கொல்லைப்பக்கம் போகட்டுமா என்று கேட்க வாய் வராது. நாக்கு வறளாமலிருக்க வெற்றிலையை அடக்கிக்கொள்வோம். அவளுக்கு அது சூயிங்கம். "அடிப்பாவி, நீயும் நம்ம கம்பெனிதானா?" என்றேன்.

அதன்பிறகுதான் சொன்னாள். கேக் வெட்டிய மறுவாரமே, மாடியில் இருக்கும் பெண்கள் கழிப்பறைக்கு இப்போதைக்குப் போக வேண்டாம் என்றார்களாம். அவளுக்கென்று கீழே செக்யூரிட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. அது பூட்டியே இருக்கும். போகும்போதெல்லாம் எல்லாரும் பார்க்கச் சாவி கேட்டு நிற்கவேண்டும். கேட்க வெட்கப்பட்டுக் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

உடம்பு தேறும் சமயம் ஆபீஸிலிருந்து சேதி வந்தது. எத்தனை நாள் வேண்டுமானாலும் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம், சம்பளம் குறையாது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஃபேனுக்கு அடியில் மேசை போட்டேன், சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவள்தான் அதிலும் பிசகைப் பிடித்தாள்.

"நான் வீட்டுலயே கெடந்தா அந்தக் கதவ யாரும் தொறக்க வேணாம்ல அம்மாச்சி. அதுக்குத்தான் குடுக்குறாங்க."

கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கப்போய் வேலையே போய்விடுமோ என்று எனக்குப் பயம். மறுபடி காய்ச்சலில் விழுந்தால் அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்? "கொழம்பு வேணுமா, கதவு வேணுமாடி?" என்றேன். "ரெண்டும் வேணும்," என்று தட்டை நீட்டினாள்.

மறுநாள் கம்ப்யூட்டரில் கூட்டம், கட்டம் கட்டமாக முகங்கள். பூண்டு உரிக்கிற சாக்கில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் இங்கிலீஷில் பேசினாள். நடுவில் அம்மாச்சி என்று வந்தது, குரும்பகரம் என்று வந்தது. காப்பியை வாயருகே கொண்டுபோன ஒரு பெரிய மனிதர், குடிக்காமல் கீழே வைத்தார். என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்பது மட்டும் விளங்கியது.

திரும்பிப் போய்விட்டாள். கதவு மாசக்கணக்கில் திறக்கவில்லை. கேட்டுக்கேட்டு நடந்ததில் இன்னொன்று தெரிந்ததாம். அந்தக் கழிப்பறைகளைக் கழுவித் துடைக்கிற பெண்களுக்கும் அங்கே போக அனுமதி இல்லை. அவர்களும் தண்ணீர் குடிப்பதில்லை. உனக்கு மட்டும் திறக்கிறோம் என்று ஆபீஸ் இறங்கி வந்தபோது, அவர்களுக்கும் சேர்த்துத் திறங்கள், இல்லாவிட்டால் நானும் சாவி கேட்டே போகிறேன் என்று நின்றிருக்கிறாள். கடைசியில் எல்லா மாடியிலும் எல்லாருக்கும் திறந்தார்கள். இப்போது அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை பார்க்கிறது. மற்ற கம்பெனிகளும் பேசக் கூப்பிடுகின்றன. எங்கே போனாலும் கழிப்பறையிலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கிறாளாம். தெருவில் கேட்டால், கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று சொல்லிவைக்கிறேன்.

போன மாதம் வந்தாள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவர நான்தான் போனேன். அதே நீல பாட்டில், சொட்டுத் தண்ணீர் இல்லை. கடையில் வாங்கி நிரப்பி, ஆட்டோவில் ஏறியதும் என்னிடம் நீட்டினாள். நல்ல வெயில். கூடையை இறக்கி வருஷங்கள் ஆகியும், வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்காத பழக்கம் என்னை விடவில்லை.

"நடுவழியில வந்துட்டா?" என்றேன்.

"வண்டிய நிறுத்தச் சொல்றேன். எந்த வீடா இருந்தாலும் நான் போயி கேக்குறேன். குடி."

பாதி பாட்டில் குடித்தேன். கிளிஞ்சல்மேடு திருப்பத்தில், எங்கள் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கையில், அவசரம் என்று அவள் தொடையைத் தட்டினேன். அவசரமெல்லாம் ஒன்றுமில்லை, சொன்னபடி கேட்கிறாளா பார்ப்போம் என்றுதான். ஆட்டோ நின்றது. நான் காலைக் கீழே வைப்பதற்குள், அவள் யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.