வெள்ளை டைல்ஸில் மூன்று வாரம்

பினாயில் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று தெரியாது. நான்தான் என்று அவள் நினைக்கிறாள். இத்தனைக்கும் தவளை அறைக்குள் பினாயில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கும், பாதி மூச்சும் தோலால்தான். அவளிடம் இருந்தது வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாக அந்த அறையைப் பளிச்சென்று வைத்திருந்தாள். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். அந்தச் சுத்தம்தான் ஒரு நாள் முப்பத்தோரு உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் மோட்டார், பம்பு, விளக்கு பார்ப்பது என் வேலை. தவளை அறையில் இரண்டு பெரிய தொட்டிகள். ஒன்றில் ஆற்று மணலிலிருந்து வந்த தவளைகள், உமியின் நிறம். மற்றதில் சதுப்பு நிலத்துத் தவளைகள், ஈரக் கரியின் நிறம். இரண்டும் ஒரே இனம்தான். மணலில் கறுப்பாய் இருந்தது பறவையின் கண்ணில் பட்டது, கருஞ்சேற்றில் வெளுப்பாய் இருந்ததும் அப்படியே போய்ச் சேர்ந்தது, தப்பித்தவற்றின் வாரிசுகள்தான் இவை என்று மேடம் சொல்லியிருக்கிறார். மேடம்தான் கூடத்தின் பொறுப்பாளர். சதுப்பு நிலத்தை மூடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். எங்கள் தொட்டியில் இருந்த முப்பத்தொன்றை விட்டால் அந்தக் கறுப்புக்கு வேறு நாதியில்லை.

கறுப்புச் சேற்றில் எச்சம் எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லையே என்பது அக்காவின் தீராத குறை. குளியலறை வேலையில் மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் என் பம்பு அறையில் அடுக்கிக் கிடந்தது. மேடம் ஒரு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தார்.

"தம்பி, இதை அடியில போட்டுட்டா ஒரு துளி அழுக்குகூட என்கிட்டேர்ந்து தப்பிக்காது."

"பதிவேட்டுல எழுதணுமேக்கா?"

"எதையாவது மாத்தினாதானே எழுதணும்? இது சுத்தம் பண்றது."

அதுவும் சரிதான் என்று பட்டது. நாற்பது டைல்ஸையும் நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்பினேன். சேற்றை வாளிகளில் அள்ளி ஓரமாக வைத்தோம். மூன்று வாரம் தொட்டி மினுமினுத்தது. தவளைகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது, தினமும் பார்க்கிற எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மேடம் திரும்பி வரும் நாளிலேயே மேலிடத்துக் கால்நடை டாக்டர் சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று காலை ஏழு மணிக்கு அரக்கப் பரக்க டைல்ஸை எடுத்துவிட்டுச் சேற்றைக் கொட்டினோம். பத்து மணிக்கு டாக்டர் குனிந்து பார்த்தார். கரிய சேற்றின் மேல் வெளுத்துப்போன தவளைகள். எண்ணினார். முப்பதுதான் இருந்தன.

"ஒண்ணு செத்துக் கரைஞ்சிருக்கும்" என்று பதிவேட்டைப் புரட்டினார். "தொட்டியில எதையும் மாத்தலைன்னு இருக்கு. கறுப்புச் சேத்துல இருந்துகிட்டே இப்படி வெளுத்தா அது நிறம் இல்ல மேடம், தோல் நோய்."

"டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமே சார்?" என்றார் மேடம்.

"ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணி. அதுக்குள்ள மத்ததும் போயிடும். மூணு மணிக்கு இதுங்களை முடிச்சிடலாம்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவளை நிரந்தரமாக்கும் கோப்பும் அதே டாக்டரின் கையெழுத்துக்காக மேடத்தின் மேஜையில் காத்துக் கிடந்தது.

பம்பு அறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, சொல்லிடவா?"

"வாயைத் திறந்தீங்கன்னா ஒன்பது வருஷம் பாழ்க்கா. என் வேலைக்கும் சேர்த்து வேட்டு. சேத்துலதானே இருக்கு, தானா கறுத்துடும்."

அரை மணிக்கு ஒரு தரம் போய் எட்டிப் பார்த்தோம். ஒரு மணிக்கு லேசாக மங்கியிருந்த மாதிரி இருந்தது. இரண்டு மணிக்கும் அதே மங்கல்தான். ஒரு நாளில் வெளுத்ததாக இருந்தால் உடனே கறுத்திருக்குமோ என்னவோ, மூன்று வார வெளுப்பு அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் பேசினில் மருந்தைக் கலக்கினார். கையுறை மாட்டினார். முதல் தவளையை எடுத்தார்.

"சார், நில்லுங்க!" அக்கா குறுக்கே போய் நின்றாள். "மூணு வாரமா வெள்ளை டைல்ஸ்ல வெச்சிருந்தேன். எழுதலை. காலையிலதான் சேத்தைப் போட்டேன். அதுங்களுக்கு நோய் இல்ல சார், தப்பு என்னுது."

டாக்டர் அசரவில்லை. "பாசம் புரியுதும்மா. அதுக்காக இப்படிக் கதை கட்டக் கூடாது."

"அப்போ அந்த டைல்ஸ் எங்கே?" என்றார் மேடம்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. டைல்ஸ் பம்பு அறையில் இருந்தது, சாவி என் இடுப்பில். எத்தனை நொடி அப்படி நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குக் கணக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓடிப்போய் ஒரு டைல்ஸைக் கொண்டுவந்தேன். "பம்பு ரூம்ல கிடந்துச்சு சார்" என்றேன். அப்போதுதான் பொறி தட்டியது. தொட்டி மூலையில் இருந்த கறுப்பு பம்புப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே முப்பத்தோராவது தவளை, கரிக்கட்டையாக உட்கார்ந்திருந்தது. ஒரு நாள்கூட அது டைல்ஸ் பக்கம் வந்திருக்காது.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெள்ளை டைல்ஸின் மேல் வைத்துக் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடினார். "அரை மணி தரேன்."

பேசினில் மருந்து அப்படியே இருந்தது. கால் மணியில் தவளையின் விரல் நுனி வெளிறியது, பிறகு தொடை. அரை மணியில் அது தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"தோலுக்குள்ள கறுப்புப் பொடி இருக்கு. சுருங்கினா வெளுக்கும், பரவினா கறுக்கும். ரொம்ப நாள் வெளுப்புல இருந்தா பொடியே குறைஞ்சிடும்" என்று மேடத்திடம் சொல்லிக்கொண்டே டாக்டர் கையுறையைக் கழற்றினார். டெஸ்ட் முடிவு வரும்வரை இந்தத் தொட்டிக்குத் தனித் தண்ணீர் என்று முடிவாயிற்று. பிறகு அக்காவைப் பார்த்தார். "தொட்டி முழுக்கப் போட்ட டைல்ஸையும் நீங்க ஒருத்தரா தூக்கினீங்க?"

"ஆமா சார். ஒருத்திதான்."

பம்பு அறைச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

டெஸ்டில் நோய் இல்லை என்று வந்தது. ஒரு மாதத்தில் முப்பத்தொன்றும் பழையபடி கறுத்துவிட்டன, சேற்றில் தேடினால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. அக்காவின் கோப்பு கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனது, இன்னும் இரண்டு வருடம் தற்காலிகம். "ஏன்க்கா என்னைச் சொல்லலை?" என்று கேட்டதற்கு, "நீயும் போயிட்டா பம்பை யார் பார்க்கிறது? அதுங்க தண்ணியில்லாம சாகவா?" என்று பிரஷ்ஷை உதறினாள்.

விட்டுப்போன மூன்று வாரத்தையும் மேடம் அவளைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார். குண்டுகுண்டான எழுத்தில் எழுதியிருக்கிறாள். உடன் செய்தவர் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. பம்பு பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். பேனா என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.