புள்ளியக்காவின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுத் துணி முழுவதையும் இஸ்திரி போடுவது புள்ளியக்காதான். கணவர் போட்டால் கைமடிப்பில் இரண்டு கோடு விழும் என்று பெட்டியைத் தொட விடமாட்டாள்.

பெயரில் பாதி அண்ணன் வைத்தது. அவன் வைத்த 'புள்ளி'யோடு தெருவே 'அக்கா'வைச் சேர்த்துக்கொண்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. கடிதத்தைப் பிரித்த அண்ணன், "புள்ளி வைக்க ஒரு படிப்பா? அதுக்கு ஹாஸ்டல் வேறயா?" என்று வீடு அதிரச் சிரித்தான். கூட வந்த பதில் அட்டையில் 'மறுக்கிறேன்' என்ற கட்டத்தில் அவனே டிக் அடித்து, அவள் கையெழுத்தையும் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டான். அவளுக்குத் தெரியவந்தபோது வகுப்பு தொடங்கி இரண்டு வாரமாகியிருந்தது.

அவள் அழவில்லை. அண்ணனோடு பேச்சை நிறுத்தவும் இல்லை. தபால் வழியில் கணிதம் படித்து முடித்தாள். இப்போது பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறாள். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள், எந்த டிரைவருக்கு எப்போது ஓய்வு, மழை நாளில் எத்தனை நிமிடம் தள்ளும், எல்லாம் அவள் மேசையில்தான் முடிவாகும். அண்ணனுக்கு மட்டும் அவள் 'பஸ் எண்ணுகிறவள்'. வெளியே சிரித்துக்கொண்டாள், உள்ளே நீறு பூத்த நெருப்பு.

அன்று அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனே மகளோடு வந்து நின்றான். மருந்துக்கடைக்காரன். மகள் மருந்தாளர் படிப்பு முடித்துக் கடையில் உட்கார வேண்டும் என்பது அவன் திட்டம். அவளோ கணிதத்துக்கு எழுதிப்போட்டு இடமும் வாங்கிவிட்டாள். மதியத்துக்குள் போனில் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.

"நீயே சொல்லும்மா. கணக்குப் படிச்சா ஒண்ணு வாத்தியார், இல்லேன்னா உன்னை மாதிரி பஸ் எண்ணணும். வேற என்ன இருக்கு?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"சொல்றேண்ணே, உட்காரு. யாரு எத்தனை வயசு வரைக்கும் இருப்பாங்கன்னு கணக்குப் போட இன்சூரன்ஸ்ல ஆள் வெச்சிருக்காங்க. மழை எப்ப வரும்னு சொல்ற ஆபீஸ்ல வேலை இருக்கு. பாஸ்வேர்டை எவனும் உடைக்காதபடி பூட்டு செய்யற வேலை இருக்கு." மேசையில் விரித்த சட்டையைத் திருப்பிப் போட்டாள். "உன் கடையில விக்கிற மாத்திரை வியாதிக்குக் கேக்குதா இல்லையான்னு பார்த்துச் சொல்றது யாரு தெரியுமா? புள்ளி வைக்கிறவங்கதான்."

அண்ணன் முகம் கறுத்தது. "பழசையெல்லாம் இன்னும் மனசுல வெச்சிருக்கியா?"

"நான் எங்கே வெச்சேன்? நீதானே பேர் வெச்சே." அவள் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "அழுத்தும்மா. உன் விரலாலேயே அழுத்து. நம்ம குடும்பத்துல அடுத்தவங்களுக்கு டிக் அடிக்கிற பழக்கம் உண்டு."

பெண் தயங்கி, 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். இருபத்திரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த முகம். புள்ளியக்கா கண் எடுக்காமல் பார்த்தாள். அதில் ஒரு சுருக்கத்தையும் விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

"அத்தை, அங்க போய் எனக்கு அது வரலைன்னா? திரும்பி வந்து அப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அத்தை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை..."

பெண் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.