என் தம்பி மேல் வீசாத வாடை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு கார்த்திகை தள்ளிப்போட்டுவிட்டேன். வாராவாரம் உங்களிடம் எதையெதையோ பேசுகிறேன்... இதை மட்டும் தொண்டைக்கு மேலே வர விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரவைத்துவிட்டது.

தம்பி ஏழுமலை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவன் வரிசையாக நாலு கொட்டாவி விட்டான். பிடரியைத் தேய்த்தான்.

"அண்ணாத்த, வந்துகினு கீது. இன்னும் கால் மணி நேரம். நீ உள்ள போய்டு."

சொன்னபடியே இடது கண் சிவந்தது. இமை தொங்கியது. இடது மூக்கு மட்டும் ஒழுகியது. அப்புறம் முக்கால் மணி நேரம்... உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தான்.

இதே கொட்டாவியை, இதே கண்ணை, ஏழு வருஷம் முன்பே நான் பார்த்தேன். என்ன செய்தேன் தெரியுமா?

அப்போது அவனுக்குக் காசிமேட்டில் விசைப்படகு வேலை. படகைப் பழுது பார்க்கக் கரையேற்றியிருந்தார்கள். இரண்டு பேரும் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தோம். மாலை போட்டால் அண்ணன் தம்பி கிடையாது – அவனும் சாமி, நானும் சாமி.

தினமும் ஆறரை மணி பூஜையில், சரியாகச் சரணம் சொல்லும்போது, கொட்டாவி விடுவான். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நெளிவான். ஒரு கண் மிளகாய்ப்பழம் மாதிரி ஆகிவிடும். பாதியில் எழுந்து ஓடுவான். ஒன்பதாம் நாள் வாசலில் மறித்தேன்.

"இன்னா சாமி, மாலைய போட்டுகினு ஊத்திக்கினு வந்தியா?"

"சத்தியமா இல்ல சாமி! கண்ணுக்குள்ள கடப்பாறைய வுட்டு நோண்ற மாதிரி கீது. வேணும்னா ஊதறேன், பாரு."

ஊதினான். ஒரு வாடையும் இல்லை. திருநீறு வாசனைதான்.

ஆனால் குருசாமி கேட்டபோது நான் சொன்னேன்: "வாடை அடிக்குது சாமி."

ஏன் சொன்னேன்? அவனால் என் விரதமும் கெட்டுவிடுமோ என்ற பயம். அவ்வளவு பெரிய பக்தி என்னுடையது!

எல்லார் முன்னாலும் அவன் மாலையைக் கழற்றினார்கள். பேச்சு வாய் மாறி வாய் காசிமேடு போய்ச் சேர்வதற்குள் அந்த வாடை பாட்டிலாகிவிட்டது. பாட்டில், சாமி படத்துக்கு முன்னால் வாந்தியாகிவிட்டது. "விரதம் முறிச்சவன ஏத்தினு போனா வல காலியாத்தான் வரும்" என்று படகுக்காரர் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றி இறக்குகிறான்.

போன மாதம்தான், அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, ஒரு டாக்டர் கேட்டார்: "வலி வர்றதுக்கு முன்னாடி உடம்பு என்ன பண்ணும்?" இத்தனை வருஷத்தில் யாருமே கேட்காத கேள்வி! கிளஸ்டர் தலைவலியாம். சில வாரம் தினமும் அதே நேரத்துக்கு வந்து, பிறகு மாதக்கணக்கில் காணாமல் போகுமாம். கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் சிலருக்கு அது முன்கூட்டி அனுப்பும் தகவலாம். "அந்த நாட்கள்ல ஒரு வாய் குடிச்சாலே வலி வந்துடும். பயந்துகிட்டு நிறைய பேர் தொடவே மாட்டாங்க" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு அன்று வலி இறங்கியதும் அவன் கையைப் பிடித்தேன். "இந்தக் கார்த்திகைக்கு மாலை போட்டுக்கடா."

சிரித்தான். "அத்தினி பேர் முன்னாடி கழட்டுனத எந்த மூஞ்சிய வெச்சிகினு போட்டுக்குவேன்? நீ போய்ட்டு வா அண்ணாத்த. எனக்கும் சேத்து ஒரு சரணம் சொல்லு."

நான் சொன்னது பொய் என்று ஊதிய அவனுக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு பக்கக் கண் சிவந்தால், வாயை முகராதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இதை நாலு பேருக்கு அனுப்பவும் செய்யுங்கள் – ஆனால் எழுதியது எழுதியபடி. கைவைத்தியம் எதுவும் சேர்க்க வேண்டாம். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம்.

நான் கூட்டிச் சொன்ன ஒரு வார்த்தையே என் தம்பிக்கு ஆயுசுக்கும் போதும்.