கண் வீங்கிய குட்டி

அந்தக் குட்டியின் கண் இமை உப்பியதைப் பார்த்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பே சந்தோஷப்பட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

பன்றிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லாவற்றிலும் அதுதான் பெரியது, பெட்டை. தாய்க்கு வயதாகிவிட்டதால், இதையே அடுத்த தாய்ப்பன்றியாக வளர்ப்பது என்று என் மனைவி முடிவுகட்டியிருந்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்தால் காலில் ஒட்டிய அட்டையைக்கூடத் தட்டாமல் நேரே கொட்டிலுக்குத்தான் போவாள். மற்றவற்றுக்குப் பிண்ணாக்குக் கஞ்சி. அதற்கு மட்டும், கோயில் திருவிழாவில் மிஞ்சிய சோற்றை வாங்கிவந்து உருட்டி உருட்டி ஊட்டினாள். எனக்குக்கூட இப்படி ஊட்டியதில்லையே என்று கேலி செய்தேன்.

"கண்ணே தெரியல, அம்புட்டுக் கொழுப்பு! ஊரு கண்ணு பட்டுறப் போவுது, சுத்திப் போடுங்கக்கா" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. மனைவியும் பெருமையோடு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள்.

மறுநாள் காலை அது குடிகாரனைப்போலத் தள்ளாடியது. கத்த வாயைத் திறந்தால் கரகரவென்று காற்றுதான் வந்தது. பக்கவாட்டில் விழுந்து கால்களை உதைத்தது, செத்துப்போனது. வயிற்றோட்டம்கூட இல்லை. முந்தின மாலை வரை ஆவலாகத் தின்ற குட்டி! மற்றவற்றைப் பார்த்தால் இன்னும் இரண்டு குட்டிகளுக்கு இமை உப்பியிருந்தது.

டவுனிலிருந்து மிருக வைத்தியரை அழைத்து வந்தேன். அவர் செத்த குட்டியை அறுத்துக் காட்டினார். இரைப்பை நிறையச் சோறு. அதன் சுவர் நீர் கோத்துத் தடித்திருந்தது. சிங்களத்தில் எனக்கு விளக்கினார். குடலில் இருக்கும் கிருமிதானாம். தாய்ப்பால் கிடைக்கும்வரை அடங்கியிருக்கும். பால் நின்று, கனத்த தீனி விழுந்ததும் பெருகி விஷம் கக்கும். விஷம் இரத்தத்தில் கலந்தால் இரத்தக் குழாய்கள் கசியும். அந்த நீர்தான் இமையிலும் மூளையிலும் சேர்கிறது. நன்றாகத் தின்ற குட்டிதான் முதலில் சாகும் என்றார். மற்றக் குட்டிகளுக்கு ஊசி போட்டுவிட்டு, இன்று தண்ணீர் மட்டும் கொடு என்றும் சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?" என்றாள் மனைவி. அவளுக்குச் சிங்களம் அவ்வளவாகப் புரியாது. அழுது சிவந்த அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காத்துல வந்த சீக்காம்" என்றேன். தண்ணீர் விஷயத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தியரை ரோட்டுவரை அனுப்பிவைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் சோற்றுச் சட்டியோடு கொட்டிலுக்குள் குனிந்துகொண்டிருந்தாள். "பாவம், ஊசி குத்துனதுல பயந்து போயிருக்குதுங்க. கொஞ்சம் கூடவே போடுறேன்" என்றாள். குட்டிகள் முண்டியடித்து வந்தன. ஓடிப்போய்ச் சட்டியைப் பிடுங்கினேன்.

"போடாத புள்ள! நீ ஊட்டுன சோத்துலதான் அது செத்துச்சு."

சோறு ஒட்டிய கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கட்டும்னுதானேங்க ஊட்டுனேன்?" என்றாள்.