ஆல்தோவுக்குக் கைதட்டியவர்கள்

கட்டடத்தின் கார் பார்க்கில் லோரியிலிருந்து கேஸ் சிலிண்டர் இறங்குவதைப் பார்த்ததும், கட்டட மேனேஜர் பெண் ஓடி வந்தார்.

"அண்ணே, என்ன இது? இங்க சமைக்கக் கூடாதுன்னு லெட்டர்லயே போட்டிருக்கோமே லா!"

தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலை அது. மூன்று அண்டாக்கள் இறங்கியாயிற்று. பயறு ஊறிக்கொண்டிருக்கிறது... வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சுடச்சுடப் பச்சைப்பயறு கஞ்சி — எங்கள் தண்ணீர்ப் பந்தல் பெயர் பெற்றதே அதற்குத்தான். போன வருடம் வரை இந்தக் கார் பார்க்கிலேயே சமைத்தோம்.

குழுத் தலைவர் முனியாண்டி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "செயலாளரே, லெட்டர நீதானப்பா வாசிச்ச?"

வாசித்தேன். பாதி!

இந்த வருடம் கட்டட நிர்வாகம் புதிது. ஆங்கிலத்தில் கடிதம் போட்டுவிட்டார்கள். நானோ தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதில் ஆங்கிலம் வேறு!

கடிதம் வந்ததும் கூடிய குழுக் கூட்டத்தில் எழுந்து எழுத்துக்கூட்டினேன். "ஆல்தோ வீ ஆர் ஹேப்பி டு அலவ் யுவர் பந்தல்..."

'ஹேப்பி', 'அலவ்' — போதாதா? ஒரே கைதட்டல். வடைத் தட்டு சுற்றத் தொடங்கிவிட்டது. நம் கூட்டங்களில் நல்ல சேதியின் முதல் பாதிக்கே கைதட்டிவிடுகிறோம், கவனித்திருக்கிறீர்களா? அன்று அந்தச் சத்தம் கடவுளே அனுப்பியது போலிருந்தது எனக்கு. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது அதே கடிதத்தைப் பிரித்து நீட்டினேன். மேனேஜர் பெண் முழுதும் வாசித்துச் சொன்னார்: "பந்தல் போடச் சந்தோஷமா விடுறோம்னாலும், அடுப்பு மட்டும் பத்த வைக்கக் கூடாது."

அடப்பாவமே! நம் 'ஆனால்' நடுவில் வந்து முகம் காட்டும். குரல் இறங்கும்போதே சுதாரித்துக்கொள்வோம். இந்த 'ஆல்தோ' முதல் ஆளாக வாசலில் வந்து நிற்கிறது. 'பின்னால் இன்னொருத்தர் வருகிறார், பொறுங்கள்' என்கிறது. நாங்கள் பொறுக்கவில்லை. அதற்கே மாலை போட்டு அனுப்பிவிட்டோம்.

"இந்தப் பொண்ணு இப்பத்தான் ரூல்ஸ மாத்துது," என்றார் ஒருவர். "ஆமா லா, தமிழ்ப் பொண்ணா இருந்துக்கிட்டு!" என்றார் இன்னொருவர். அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துவிட்டது.

என்ன செய்வேன்? வாயை மூடிக்கொண்டால் நான் தப்பிவிடுவேன். பழி அவர் தலையில் விழும்.

"அவங்க எழுதித்தான் இருக்காங்க. நான்தான்... மிச்சத்த வாசிக்கல. புரியலன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அத்தனை பேர் முன்னால், காகிதம் இல்லாமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மேனேஜர் பெண் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருக்கும் சீன ஆண்ட்டி, வருடா வருடம் தேர் வரும்போது தேங்காய் உடைப்பவர். என்ன பேசினார்களோ... கேட் திறந்தது. "மாசுக் லா!" என்று மலாயில் சொல்லி ஆண்ட்டி எங்கள் அண்டாக்களை உள்ளே அழைத்தார்.

அவர் வாசலில் கஞ்சி கொதித்தது. கார் பார்க்கில் ஊற்றிக் கொடுத்தோம்.

போன ஞாயிறு நன்றிக் கூட்டம். "நம்ம செயலாளர் நல்ல மனுசன்..." என்று ஆரம்பித்தார் முனியாண்டி அண்ணன். உடனே கைதட்டல்.

நான் மட்டும் பயத்தோடு காத்திருந்தேன் — அண்ணன் இன்னும் முடிக்கவில்லையே!